சென்ட்ரல் லைன் டிரெஸ்ஸிங்கைத் தினமும் மாற்ற வேண்டுமா?

இரவுப்பணி | செவ்வாய், காலை 8:50

வணக்கம். பிரசவ வார்டில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு ஐ.சி.யூ.வுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. தனியார் மருத்துவமனை, எட்டுப் படுக்கை. கேள்வி சின்னதுதான். ஆனால் இன்று காலை அதற்காக எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கிவிட்டேன்.

இங்கே சென்ட்ரல் லைன், அதாவது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரைக்குள் விடும் குழாய், உள்ள எல்லோருக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு, உடம்பு துடைத்துவிடும்போதே, பழைய டிரெஸ்ஸிங்கை உரித்து, பெட்டாடின் தடவி, புதிதாக ஒட்டிவிட வேண்டும் என்பது இன்சார்ஜ் சிஸ்டரின் கட்டளை. நான் படித்தது ஏழு நாள். ஆறாம் படுக்கைக்காரருக்கு வலது கழுத்தில் டிரிபிள் லூமன் (உள்ளே மூன்று தனி வழி உள்ள குழாய்), இன்று ஒன்பதாம் நாள். வயது 68. தோல் வெங்காயச் சருகுபோல இருக்கிறது. முந்தின நாள் உரித்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. டிரெஸ்ஸிங் நன்றாக ஒட்டியிருந்ததால் நேற்றிரவு அதைத் தொடவில்லை. விடிந்தபோது காய்ச்சல் 101. "டிரெஸ்ஸிங் மாற்றவில்லை, அதனால்தான்" என்று பழி என் தலையில் விழுந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த லைனில் ஒரு லூமன் இரண்டு நாளாக அடைத்துக்கொள்கிறது. சீனியர் ஒருவர் 2 மில்லி சிரிஞ்சில் சலைன் எடுத்து, பலமாக அழுத்தித் திறந்துவிட்டார். அது சரியா?

தொற்றுக்கட்டுப்பாடு | செவ்வாய், காலை 10:15

முதலில் அழுகையை நிறுத்து, தங்கையே. எழுத்திலேயே தெரிகிறது. ஒரு நாள் டிரெஸ்ஸிங் மாற்றாததால் மறுநாள் விடியலில் காய்ச்சல் வந்துவிடாது.

ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை. துணி, அதாவது காஸ் வைத்து ஒட்டியது என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. நனைந்தாலோ, ஓரம் தூக்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ நாள் கணக்கைப் பார்க்காமல் உடனே. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. தினமும் செய்ய வேண்டியது பார்ப்பது. கண்ணாடிபோல இருப்பது பார்ப்பதற்காகத்தான். சிவந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, தையல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார், மேலாக விரலால் அழுத்தி வலிக்கிறதா என்று கேள். சும்மா இருப்பதை உரித்தால், மூடிக் கிடந்த இடத்தை நாமே திறந்து வைக்கிறோம். உன் நோயாளியின் தோல் கிழிந்தது உனக்கே தெரிகிறதே. கிழிந்த தோலில் கிருமிக்குப் பந்தி விரித்ததுபோல.

இதைச் சொன்ன கையோடு இதையும் சொல்கிறேன்: நம் ஊர் வெயிலில் கழுத்து டிரெஸ்ஸிங் ஏழு நாள் தாக்குப்பிடித்து நான் பார்த்தது குறைவு. ஏ.சி. சரியாக ஓடாத வார்டில் மூன்றாம் நாளே வியர்வையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆண்களுக்குத் தாடி முளைத்து அடியிலிருந்து நெம்பும். சவரம் செய்யக் கூடாது, நுண்ணிய காயம் ஏற்படும். கத்தரிக்க வேண்டும், அல்லது கிளிப்பர். ஆக, உன் இன்சார்ஜின் கட்டளை அந்தக் காலத்துக் காஸ் டிரெஸ்ஸிங் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டாடினை விட ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் நல்லது. இரண்டையும் ஒப்பிட்டு பிரான்சில் நடந்த பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. குளோர்ஹெக்சிடின் பக்கம் ரத்தத் தொற்று மிகவும் குறைவாக இருந்தது. முப்பது வினாடி முன்னும் பின்னுமாகத் தேய், பிறகு தானாகக் காய விடு. கையால் விசிறாதே, வாயால் ஊதாதே. ஊதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்!

ஆனால் டிரெஸ்ஸிங்கைவிட எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். ஆறாம் படுக்கையின் த்ரீ-வே (மருந்து செலுத்தும் மூன்று வழித் திருகு) மூடி இப்போது எங்கே இருக்கிறது?

இரவுப்பணி | புதன், காலை 6:05

அக்கா, நேற்றிரவு பணிக்குப் போனதும் முதல் வேலையாகப் பார்த்தேன். த்ரீ-வே ஒன்றல்ல, மூன்று. ஒன்றன் வாலில் ஒன்றாகச் சங்கிலிபோல மாட்டியிருந்தார்கள். நடுவில் உள்ளதற்கு மூடியே இல்லை. கடைசியில் உள்ளதன் வாயில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன் மூடி மருந்து டிரேயில், கிழித்துப் போட்ட சிரிஞ்ச் உறையின் மேல் கிடந்தது. நாலு மணி ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு அதே மூடியைத்தான் எல்லோரும் திரும்ப மாட்டுகிறோம். நானும்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தொற்றுக்கட்டுப்பாடு | புதன், காலை 9:30

வெட்கப்படாதே, பார்த்தாயே. பார்க்காதவர்கள்தான் அதிகம்.

லைன் போட்ட முதல் சில நாளில் வரும் தொற்று பெரும்பாலும் தோலிலிருந்து, குழாயின் வெளிப்புறமாக இறங்குகிறது. நாள் ஆக ஆகக் கிருமி உள்ளே நுழையும் வழி ஹப். அதாவது நாம் சிரிஞ்சைச் செருகும் அந்த வாய். ஒன்பதாம் நாளில் காய்ச்சல் என்றால் டிரெஸ்ஸிங்கைப் பற்றிக் கத்துவதற்கு முன் ஹப்பைத் தொட்ட கைகளை எண்ண வேண்டும்.

ஒவ்வொரு முறையும், செருகுவதற்கு முன், ஹப்பின் வாயை ஆல்கஹால் துடைப்பானால் 15 வினாடி தேய்க்க வேண்டும். ஆரஞ்சுப் பழம் பிழிவதுபோல முறுக்கி, மரைகளிலும் படும்படி. பிறகு காய வேண்டும். ஸ்டீல் டப்பாவில் ஊறப்போட்ட ஸ்பிரிட் பஞ்சு இருக்கிறதே, அதைத் தயவுசெய்து சென்ட்ரல் லைன் பக்கம் கொண்டுவராதீர்கள். காலையில் ஊற்றிய ஸ்பிரிட் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். இரவுக்குள் முப்பது கை அதில் விழுந்திருக்கும். இரவுப்பணியில் நாம் எடுப்பது ஸ்பிரிட் வாசனையுள்ள ஈரப்பஞ்சு, அவ்வளவே. தனித்தனி உறையில் வரும் துடைப்பானைக் கேட்டு வாங்கு. மூடி ஒருமுறை கழற்றினால் குப்பைக்கு, புதியது மாட்ட வேண்டும். ஊசியில்லா கனெக்டர் கிடைத்தால் த்ரீ-வே சங்கிலியையே கழற்றிவிடலாம்.

டியூபிங்கையும் சிலர் தினமும் மாற்றுவார்கள். தேவையில்லை. சாதாரணத் திரவம் தொடர்ந்து ஓடும் செட்டை 96 மணி நேரத்துக்கு முன் மாற்ற வேண்டியதில்லை, ஏழு நாள்வரை போகலாம். ரத்தமோ கொழுப்பு கலந்த சத்துத் திரவமோ ஓடியது என்றால் 24 மணி நேரம். ப்ரோபோஃபால் என்ற மயக்கமருந்து என்றால் 6 முதல் 12 மணி. அது பால்போல இருப்பது சும்மா இல்லை, கிருமிக்கு அது நல்ல தீனி.

ஆறுக்கு ஒருத்தி | புதன், பகல் 1:20

எல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. நான் அரசு மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஐ.சி.யூ. என்ற பலகைக்குக் கீழே, இரவு 12 மணி நேரம், ஆறு நோயாளிக்கு நான் ஒருத்தி. நாலு பேர் வென்டிலேட்டரில். கையுறை எண்ணிக் கொடுக்கிறார்கள். இதில் ஹப்பைத் தேய்த்துக்கொண்டு ஒன்று இரண்டு என்று பதினைந்துவரை எண்ணுவதாம். அந்தப் பக்கம் ஒருவர் டியூபைப் பிடுங்கிக்கொள்வார். வழிகாட்டுதல் எழுதுகிறவர்கள் ஒரு இரவு வந்து என்னோடு நிற்கட்டும்.

லீட்ஸ் குளிர் | புதன், மாலை 5:45

ஆறுக்கு ஒருத்தி அக்கா, கோபம் நியாயமானது. இங்கே பிரிட்டனில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது விதி. அதையே இங்கேயும் பல நாள் காற்றில் விடுகிறார்கள். ஆள் குறைந்தால் லைன் தொற்று ஏறும் என்பது ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. எனவே உங்கள் கேள்வி மேலே போக வேண்டிய கேள்வி.

ஆனாலும் ஒரு கணக்கு. ஒரு நோயாளியின் லைனை ஓர் இரவில் பன்னிரண்டு முறை திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு எழுபத்திரண்டு. பதினைந்து வினாடி வீதம் 18 நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்தில் 18 நிமிடம் கிடைக்காமல் போவது ஹப்பால் அல்ல, மற்ற ஓட்டத்தால். அந்த எழுபத்திரண்டைக் குறைக்க முடியுமா பாருங்கள். ரத்த மாதிரிகளை ஒரே நேரத்தில் எடுப்பது, மருந்து நேரங்களைச் சேர்ப்பது. ஒருமுறை திறக்காமல் விட்டால் ஒருமுறை தேய்க்கவும் வேண்டாம், கிருமியும் நுழையாது.

இங்கே எங்களுக்குப் புகட்டுவது தொடாமல் செய்யும் முறை. எது நோயாளிக்குள் போகுமோ அந்த முனையைக் கையுறையோடும் தொடாதே என்பதுதான் சாரம். சிரிஞ்சின் முனை, ஹப்பின் வாய், மூடியின் உட்பக்கம். கையுறை எண்ணிக் கொடுக்கும் இடத்திலும் இது நடக்கும்.

மயக்கமருந்து | புதன், இரவு 10:10

மருத்துவர் தரப்பிலிருந்து ஒருவன். சிரிஞ்ச் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கூடாது. சிரிஞ்ச் சிறுத்தால் அழுத்தம் பெருகும். 2 மில்லியால் தள்ளினால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம், குழாயே வெடிக்கலாம். எப்போதும் 10 மில்லி. அடைத்தால் முதலில் வெளியே பாருங்கள்: கிளாம்ப் மூடியிருக்கிறதா, டிரெஸ்ஸிங்குக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, தையல் நெரிக்கிறதா. நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்லுங்கள், இரும்பச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் மூடி, "அடைப்பு" என்று எழுதி ஒட்டி, எங்களைக் கூப்பிடுங்கள். கட்டி கரைக்கும் மருந்து போடுவதா, லைனையே எடுப்பதா என்பது எங்கள் முடிவு. அடைப்பு வராமலிருக்க ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும் சலைனை நிறுத்தி நிறுத்தித் தள்ளுங்கள், ஒரே இழுப்பாக அல்ல. ஒரு எச்சரிக்கை: ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும் லூமனில் இந்தச் சலைன் விளையாட்டு வேண்டாம். குழாயில் நிற்கும் மருந்து மொத்தமும் ஒரே நொடியில் உள்ளே போய் ரத்த அழுத்தம் கூரையைத் தொடும். அந்த லூமனுக்குப் பெயர் எழுதி ஒட்டித் தனியாக விடுங்கள்.

அடுத்து, நான் வெட்கத்தோடு சொல்லும் கதை. சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவில் லைன் போடும்போது என் அங்கியின் கை மானிட்டர் கம்பியில் உரசியது. எதிரே நின்ற செவிலியர், என் மகள் வயது இருக்கும், "டாக்டர், அங்கி பட்டுவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பேசவில்லை, புதிய அங்கியைப் பிரித்து நீட்டிக்கொண்டே நின்றார். மாற்றிக்கொண்டேன். முடிந்ததும் அவரே கேட்டார்: "வயரைக் காட்டுங்கள்." வழிகாட்டிக் கம்பி உள்ளேயே போய்விடுவது நடக்கக்கூடிய விபத்து. அன்றிலிருந்து நானே கம்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தையல் போடுகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் ப்ரோனவோஸ்ட் குழு செய்தது இதைத்தான். ஐந்தே விஷயம்: கை கழுவு, முழு உடல் விரிப்போடு தொப்பி, முகமூடி, அங்கி அணி, குளோர்ஹெக்சிடின் தடவு, முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர், தேவையில்லாத லைனை எடு. முறை தவறினால் நிறுத்தும் உரிமை செவிலியருக்கு. 103 ஐ.சி.யூ.க்களின் கணக்கு 2006-இல் வெளிவந்தது. 1000 லைன்-நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7 தொற்று என்றிருந்த இடைநிலை விகிதம் மூன்று மாதத்தில் பூஜ்யம். எல்லோரும் பட்டியலை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். நிறுத்தும் உரிமையை எத்தனை இடத்தில் நகலெடுத்தார்கள் என்பது வேறு கதை.

(பழைய கதை ஒன்று. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே குழாய் விட்டுப் பார்த்தார். கருவிகளைத் தர வேண்டியவர் செவிலியர் கெர்டா டிட்சன். "சோதனையை என்மேல் செய்யுங்கள்" என்று முன்வந்த அவரை மேசையில் கட்டிப்போட்டுவிட்டு, இவர் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். 1956-இல் நோபல் பரிசில் பங்கு ஃபோர்ஸ்மானுக்கு. மேசையில் கட்டுண்டவருக்கு அடிக்குறிப்பு.)

டயாலிசிஸ் மூலை | வியாழன், காலை 7:30

எங்கள் பக்கமிருந்தும் ஒரு கெஞ்சல். டயாலிசிஸ் குழாயை வார்டில் தொடாதீர்கள். "சிரை கிடைக்கவில்லை, இதில்தான் இரண்டு வாய் சும்மா இருக்கிறதே" என்று ஆன்டிபயாடிக் போட்டுவிடுகிறார்கள். அது சும்மா இல்லை. இரண்டு வாயிலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் நிரப்பி மூடியிருக்கிறோம். நம் ஊரில் புழங்கும் 5 மில்லி குப்பி ஒன்றில் 25,000 யூனிட் உண்டு. உறிஞ்சி எடுக்காமல் நீங்கள் தள்ளினால் அந்தச் செறிவு நேராக ரத்தத்தில். ஒரு முறை ஒருவருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நிற்காமல், ஏன் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது சிவப்புச் சீட்டு ஒட்டி அனுப்புகிறோம். சீட்டைக் கிழித்துவிட்டும் போடுகிறார்கள்.

ஆறுக்கு ஒருத்தி | வியாழன், பகல் 12:40

லீட்ஸ், உங்கள் 18 நிமிடக் கணக்கை நேற்றிரவு முயன்று பார்த்தேன். மூன்று பேருக்கு முடிந்தது, மூன்று பேருக்கு முடியவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

பொய் என்றதும் நினைவுக்கு வருகிறது. இதற்கு முன் இருந்த தனியார் இடத்தில் தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வருவார்கள். "சென்ட்ரல் லைன் தொற்று: பூஜ்யம்" என்று பலகையில் பச்சை மையால் எழுதியிருக்கும். உண்மையிலேயே பூஜ்யம்தான், ஏனென்றால் கல்ச்சரே (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புவதில்லை. காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக்கை மாற்றுவார்கள். முடிந்தது கதை.

தொற்றுக்கட்டுப்பாடு | வியாழன், பகல் 2:05

பச்சை மைப் பலகை என் வயிற்றெரிச்சல். தொற்றுகளின் எண்ணிக்கையை மொத்த லைன்-நாளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் விகிதம். மேலே போட எண்ணே இல்லாவிட்டால் விடை எப்போதும் பூஜ்யம்தான், சின்னக் குழந்தையும் சொல்லும். லைன்-நாள் கணக்கு என்பது தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு லைன் இருக்கிறது என்று தலை எண்ணுவது. எங்கள் இடத்தில் உண்மையாக எண்ணத் தொடங்கிய முதல் ஆண்டு விகிதம் ஏறியது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு "உங்கள் வருகைக்குப் பின் தொற்று அதிகமாகிவிட்டதே" என்றது!

இரவுப்பணி, ஆறாம் படுக்கைக்குக் கல்ச்சர் எடுத்தார்களா? லைனிலிருந்து ஒன்று, கையில் வேறு சிரையிலிருந்து ஒன்று, ஒரே நேரத்தில், ஒரே அளவு, ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன். லைன் குப்பி மற்றதைவிட இரண்டு மணி நேரமாவது முந்திக் கிருமியைக் காட்டினால் குற்றவாளி லைன் என்று கொள்ளலாம். அப்படியே டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேள்: இந்த லைன் இன்று எதற்கு?

இரவுப்பணி | வெள்ளி, காலை 11:15

கேட்டேன் அக்கா. நேற்று மாலை ரவுண்ட்ஸுக்காக வீட்டிலிருந்து திரும்ப வந்து நின்றேன். "சார், இவருக்கு நார்அட்ரினலின் நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. லைன் எதற்கு வைத்திருக்கிறோம்?" என்றேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஜூனியர் டாக்டர், "ரத்தம் எடுக்கச் சௌகரியம் சார்" என்றார். பெரியவர் சிரித்துவிட்டு, "கையில் ஒன்று போடுங்கள், இதை எடுத்துவிடுங்கள்" என்றார். இரண்டு இடத்திலும் கல்ச்சர் எடுத்தாயிற்று, முடிவு வரவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இன்று எனக்குப் பகல் பணி. இரண்டு மணிக்கு லைனை எடுக்க வேண்டும், நான்தான். இதுவரை எடுத்ததில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

மயக்கமருந்து | வெள்ளி, காலை 11:40

தட்டணுக்களும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு படுக்கையைச் சமமாக்குங்கள், தலை கொஞ்சம் தாழ்ந்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்தபடி ஒருபோதும் எடுக்காதீர்கள். உட்கார்ந்தவர் மூச்சை இழுக்கும் நொடியில் அந்தத் துளை வழியே காற்று சிரைக்குள் போய்விடும். எடுத்த கையோடு மூச்சுத் திணறி நினைவிழந்தவர்கள் உண்டு. தையலை வெட்டியதும், "மூச்சை இழுத்துப் பிடித்து முக்குங்கள்" என்று சொல்லி, அந்த நேரத்தில் சீராக இழுங்கள். இடித்தால் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம், கூப்பிடுங்கள். வெளியே வந்ததும் காஸால் ஐந்து நிமிடமாவது அழுத்துங்கள், நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். வாசலின் தடவிய காஸ், மேலே காற்றுப் புகாத டிரெஸ்ஸிங், குறைந்தது 24 மணி நேரம். அரை மணி நேரம் படுத்தே இருக்கட்டும். குழாயின் முனை முழுசாக இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல் இருப்பதால் முனையைக் கல்ச்சருக்கு அனுப்பலாம். காய்ச்சல் இல்லாதவருக்கு அது வீண் வேலை.

திடீரென்று இருமி, மூச்சு வாங்கினால்: துளையை அழுத்தி மூடு, நோயாளியை இடப்பக்கமாகச் சாய், தலையைத் தாழ்த்து, முழு ஆக்சிஜன், கத்து. இந்த வரிசையில்.

இரவுப்பணி | வெள்ளி, மாலை 6:30

எடுத்துவிட்டேன். கை நடுங்கியது, ஆனால் ஒரே சீராக வந்தது. முனை முழுசாக இருந்தது. ஐந்து நிமிடம் அழுத்தும்போது கடிகாரம் ஓடவே இல்லை. தாத்தா படுத்தபடியே, "முக்கினது போதுமாம்மா? டீ எப்போ?" என்றார். அரை மணி கழித்துத்தான் உட்காரவைத்துக் கொடுத்தேன்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் வழிகாட்டுதலின் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். படிப்பாரா தெரியாது. "நாலாம் படுக்கைக்கு நாளைக் காலை மாற்ற வேண்டாம், பார்த்துவிட்டுச் சொல்" என்று மட்டும் சொன்னார். அந்த நோயாளிக்கும் கழுத்தில்தான் லைன், மூன்றாம் நாள்.

தொற்றுக்கட்டுப்பாடு | வெள்ளி, மாலை 7:10

நாலாம் படுக்கைக்காரருக்குத் தாடி இருக்கிறதா? இருந்தால் ஓரம் தூக்கியிருக்கும், அதை முதலில் பார். மூடிகளையும் எண்ணு.